நாலு பேட்டரியும் ஒரு பித்தளை அண்டாவும்

ஊஞ்சக்காட்டுவலசில் மழை பிடித்துக்கொண்ட அந்த ஐப்பசியில், ஊருக்கு வடக்கே இருந்த தரைப்பாலமும் தெற்கே இருந்த தரைப்பாலமும் ஒரே நாளில் தண்ணீருக்கடியில் போய், பால் சொசைட்டிக்குப் பின்னால் இருந்த டிரான்ஸ்பார்மர் கம்பத்தோடு சாய்ந்து, பால் கறக்கும் மெஷினும் டிவி சீரியலும் ஒருசேர நின்றுபோனபோது, ஊர் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது வீடா என்றால் வீடு, வண்டியா என்றால் வண்டி. ஒரு காலத்தில் ஐம்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஓடிய பழைய பஸ். இப்போது உள்ளே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மின்விசிறி, ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி.

புருஷன் பெயர் ராசியப்பன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் ஒயரிங் வேலை பார்த்தவர். "நானூறு பஸ்ஸுக்கு லைட்டு போட்டுக் குடுத்திருக்கேன், எனக்குன்னு ஒண்ணுக்குப் போடக் கூடாதா" என்று கேட்டுக்கொண்டே ஓய்வு பெற்று, கேட்டதோடு நிற்காமல் போட்டும் விட்டவர். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டி, மரப்பெட்டிக்குள் வரிசையாக நாலு பேட்டரி. எஞ்சினைக் கிளப்புகிற பேட்டரி வேறு, அது முன்னால் இருக்கிறது, அதைப் பற்றி இந்தக் கதையில் பேச்சில்லை. இந்த நாலும் வீட்டுக்கானவை; வண்டி நின்ற இடத்தில் வீடு வீடாக இருப்பது இந்த நாலின் தயவில். ஆகவே ராசியப்பன் அவற்றை மாப்பிள்ளைகளைக் கவனிப்பதுபோல் கவனித்தார். வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறப்பார், கம்பி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் கழுவுவார், துடைப்பார், வாசலின் தடவுவார், மூடிகளைக் கழற்றி உள்ளே இருக்கிற தகடு முங்குகிற அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவார், ஒரு சொட்டு கூடினாலும் பஞ்சால் ஒற்றி எடுப்பார். "பாதிக்குக் கீழ எறங்க விடக் கூடாதுங்க, எறங்குச்சுன்னா அதுக்கு மனசு விட்டுப் போயிரும்" என்று வழியில் பார்க்கிற டீக்கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லுவார். இந்தக் கவனிப்பில் கால்வாசியைத் தன்னிடம் காட்டியிருந்தால் தான் எங்கோ போயிருப்பேன் என்பது அவர் பெண்டாட்டி பாவாத்தாளின் அபிப்பிராயம். ஆனால் அதை அவரிடம் சொல்ல முடியாத நிலையில் அவள் இருந்தாள், ஏனென்றால் ஏழு மாதமாக அவள் அவரோடு பேசுவதில்லை.

காரணம் ஒரு அண்டா. பாவாத்தாள் கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா தெய்வாத்தாள் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா. ஒரு கல்யாண வீட்டுக்கே வெந்நீர் வைக்கலாம். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'தெய்வாத்தாள்' என்று பெயர் வெட்டியிருக்கும். அம்மா போய்ப் பதினெட்டு வருஷமாகியும், வெள்ளிக்கிழமை தோறும் பாவாத்தாள் அதைப் புளி போட்டு விளக்கி, துடைத்து, அந்தப் பெயரின் மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வைப்பாள். அவள் தாராபுரத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த நாளில், ராசியப்பன் அந்த அண்டாவைப் பழைய பித்தளை வியாபாரியிடம் போட்டுவிட்டு நாலு பேட்டரிகளோடு வந்தார். பஸ்ஸுக்குள் அண்டா வைக்க இடமில்லை, பேட்டரி இல்லாமல் பஸ் இல்லை என்பது அவர் நியாயம். திரும்பி வந்த பாவாத்தாள் அடுப்படி மூலையைப் பார்த்தாள், நாலு பேட்டரிகளைப் பார்த்தாள், சத்தம் போடவில்லை. வாயை மூடிக்கொண்டாள். ஊரோடு பேசினாள், உறவோடு பேசினாள், வழியில் நின்ற ஆட்டோடு மாட்டோடு பேசினாள், அவரோடு மட்டும் பேசவில்லை.

வண்டியில் ஏறும்போதும் அவள் சொன்ன காரணம் அவரிடம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம். "எங்கம்மா அந்தப் பொட்டிக்குள்ள போய் உக்காந்திருக்குது. அதைத் தனியா எப்படி உடறது?" அன்று முதல் பேட்டரிப் பெட்டி அவளுக்கு அம்மா ஆனது. "அம்மா, கேட்டியா, சோறு ஆறுதுன்னு யாரோ ஒருத்தருக்குச் சொல்லு" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து சொல்வாள். ராசியப்பனும் சளைத்தவர் இல்லை. "ஏனுங்க அத்தை, ரசத்துல உப்புப் போட மறந்துட்டாங்களான்னு உங்க மகளைக் கேளுங்க" என்று அவரும் குனிந்து சொல்வார். இப்படி, ஒருவர் குனிவதும் மற்றவர் நிமிர்வதுமாக ஆனைமலை பார்த்தார்கள், தனுஷ்கோடி பார்த்தார்கள், ஏழு மாதத்தில் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஊருக்குத் திரும்புகிற வழியில் ஊஞ்சக்காட்டுவலசில் இரண்டு பாலங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அவள் ஒரே ஒரு வார்த்தை நேராகப் பேசிவிட மாட்டாளா என்பதுதான் அந்த நாலாயிரம் கிலோமீட்டரும் ராசியப்பன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் முதலில் அவள்தான் பேச வேண்டும் என்றும் ஓடிக்கொண்டிருந்தது.

மழை தொடங்கி நாலாம் நாளும் சூரியன் முகம் காட்டவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து சார்ஜ் ஏற்ற டீசலும் இல்லை. அப்படியும் பேட்டரி நாலும் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன. ராசியப்பன் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டின் கனம் பார்த்தார், முறையாகச் செய்தால் முறையாக இருக்கும் என்று தன் வெள்ளிக்கிழமைக் கவனிப்பைத் தானே மெச்சிக்கொண்டார். விஷயத்தைக் கண்டுபிடித்தது அவர் இல்லை, வஞ்சியம்மாள்.

வஞ்சியம்மாள் இரண்டு கறவை மாடுகளைக் கொடுத்துவிட்டு முட்டை பொரிக்கும் பெட்டி வாங்கியவள், புருஷன் இல்லாதவள், அந்தப் பெட்டிக்குள் அறுநூறு நாட்டுக்கோழி முட்டைகளை அடுக்கி ஆறாம் நாளான அன்று காலையில் கரண்டு போனவள். குஞ்சு பொரிந்து வெளியே வந்துவிட்டால் கரிச்சட்டிச் சூட்டில் வளர்த்துக்கொள்ளலாம், ஆனால் முட்டைக்கு ஏறாமல் இறங்காமல் ஒரே சூடு இருபத்தோரு நாளும் வேண்டும். அவள் நனைந்துகொண்டே வந்து பஸ் படியில் நின்று, "அண்ணா, எம்பட முட்டைக்கு உங்க லைட்டுல இருந்து ஒரு ஒயர் உடுவீங்களா" என்று கேட்டாள். ராசியப்பன் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தப் பெட்டி ஒரு நாளுக்கு அவர் பேட்டரியில் பாதியைத் தின்னும். சூரியன் இல்லாமல் இரண்டாம் நாள் கதை முடிந்துவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது, செல்போனுக்குச் சார்ஜ் போடுவதற்காகச் சாமியாத்தாளும் ருக்குமணியும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்குள் ஏறினார்கள்.

அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் இருவரும். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் ருக்குமணியை முதல் பந்தியில் உட்கார வைத்து, மூத்தவளான சாமியாத்தாளை இரண்டாம் பந்திக்கு நிறுத்திவிட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒருத்தி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள், மற்றவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தாள். மீட்டர் முள் பன்னிரண்டரை வோல்ட்டிலிருந்து நகர்ந்து, பதிமூன்றைத் தாண்டி, பதினாலைத் தொட்டு நின்றது. சாமியாத்தாள் எழுந்து படியிறங்கியதும் முள்ளும் இறங்கியது.

"அக்கா, ஒரு எட்டு திரும்பி வாங்க" என்றாள் வஞ்சியம்மாள். சாமியாத்தாள் திரும்பி வந்தாள். முள் ஏறியது. வஞ்சியம்மாள் ராசியப்பனைப் பார்த்து, ரேஷன் கடையில் எடை சரியாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "பேச்சு இல்லாத ரெண்டு பேரு உக்காந்தா ஏறுதுங்கண்ணா."

ராசியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற யாருக்கும் அப்படியொன்றும் போடவில்லை. ஊஞ்சக்காட்டுவலசில் இந்தச் செய்தி ஒரு மணி நேரத்தில் வடக்குத் தெருவிலிருந்து தெற்குத் தெருவுக்குப் போய்த் திரும்பியது, எப்படி என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் கேட்டது இத்தனை வருஷமாக இவ்வளவு பகையையும் வீணாக்கிவிட்டோமே என்றுதான். பால் சொசைட்டி செயலாளர் பெரியதம்பி, நிர்வாகம் தெரிந்தவர், அன்று சாயங்காலமே ஊரில் யார் யாருக்குப் பேச்சு இல்லை என்று கணக்கெடுத்தார். பதினேழு ஜோடி தேறியது. பக்கத்து ஊரான கள்ளிமேட்டில் ஒன்பதுகூடத் தேறாது என்று அவர் பெருமையோடு சொன்னார். பாலின் கொழுப்பு எழுதுகிற கரும்பலகையை அழித்துவிட்டு, காலை எட்டு முதல் பத்து சாமியாத்தாள் ருக்குமணி, பத்து முதல் பன்னிரண்டு செங்கோடன் மாரண்ணன் என்று முறை எழுதினார். ராசியப்பன் பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயர் ஒன்றும் கறுப்பு ஒயர் ஒன்றும் இழுத்துச் சொசைட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோய், முதுகுக்கு முதுகாகப் போட்ட இரண்டு நாற்காலிகளின் கைப்பிடியில் ஆளுக்கொன்றாகக் கட்டினார். வஞ்சியம்மாளின் முட்டைப் பெட்டிக்குத் தனி ஒயர் போனது. பதினைந்து நாள் தாங்க வேண்டும்.

முதல் நாளே ஒரு சிக்கல். சாமியாத்தாள் உட்கார்ந்த நாற்காலியில் கறுப்பு ஒயர் இருந்தது.

"இது என்னுங்க?" என்றாள்.

"மைனஸுங்க" என்றார் ராசியப்பன்.

"அவளுக்கு?"

"அது ப்ளஸ்."

சாமியாத்தாள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "பந்தியிலதான் ரெண்டாவது. இங்கயும் நாந்தான் மைனஸா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள். முள் எகிறியது. ராசியப்பன் தொழில் தெரிந்தவர், ஆகவே சமாதானமாக, "உள்ளபடி பாத்தா மைனஸுலிருந்துதானுங்க எல்லாமே கெளம்புது, குடுக்கறது மைனஸு, வாங்கிக்கறதுதான் ப்ளஸு" என்றார். இது ருக்குமணி காதில் விழுந்தது. "அப்ப நான் வாங்கித் திங்கறவளா?" என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். முள் இன்னும் எகிறியது. அதன் பிறகு எந்த ஜோடி வந்தாலும் யாருக்கு எந்த ஒயர் என்பதை ராசியப்பன் வேண்டுமென்றே தீர்த்து வைக்காமல் விட்டார். அதிலேயே ஒரு கால் மணி நேரச் சார்ஜ் லாபம்.

பகைக்கு ஊரில் ஒரு மரியாதை வந்தது. பழைய பகை நிதானமாக, நின்று ஏற்றியது. புதுப் பகை சோடா பாட்டில்போலப் பொங்கி உடனே அடங்கியது. தபால்காரர் குழந்தையப்பன் யாரோடும் மனஸ்தாபம் இல்லாத மனிதர், ஊருக்கு நம்மால் ஒன்றும் இல்லையே என்று கூனிக் குறுகிப்போய், பார்பர் கடைக்காரரோடு வலியப் போய் ஒரு சண்டை போட்டுவிட்டு ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் முள் விழுந்தது. அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். எதற்குச் சண்டை என்பதே மறந்துபோன ஒரு ஜோடியால் ஒரு பல்புகூட எரியவில்லை, எனவே பெரியதம்பி அவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பழசையெல்லாம் பொறுமையாக ஞாபகப்படுத்தினார். சமாதானம் பேசி வைக்கிற பெரிய மனிதர்கள் கொட்டகைப் பக்கம் வரக் கூடாது என்று கட்டுப்பாடு ஆயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார், எங்கள் பக்கம் நாலு பேரோடு பேச்சு இல்லை என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டார்கள். கொதி தாங்காமல் பேட்டரியில் தண்ணீர் வற்றியபோது, கூரையிலிருந்து வழிகிற மழைத் தண்ணீரைத் தரையில் படாமல் வெள்ளை வேட்டியில் பிடித்து வடிகட்டி, அதைக் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக ராசியப்பனிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். முட்டைகள் சூடாக இருந்தன. மீதிச் சார்ஜுக்கு வீட்டுக்கு வீடு ஒயர் போய், ஊருக்கே சீரியல் ஓடியது.

ராசியப்பன் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழு மாதமாக, நிறைந்த பேட்டரியைப் பார்த்து நிறைந்துபோன மனிதர் அவர். இப்போது மீட்டருக்குப் பக்கத்தில் பேட்டரி நிறைந்தது என்று காட்டுகிற பச்சை விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பச்சை அத்தனையும் பாவாத்தாளின் கோபம் என்று தெரிந்தபிறகு அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது. ஊரிலேயே நல்ல ஜோடி இவர்கள்தான் என்று பெரியதம்பி வேறு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அவிங்க நாற்காலியிலகூட உக்கார வேண்டியதில்லீங்க. வண்டிக்குள்ள சும்மா இருந்தாலே ஏறுது. நம்மவிங்க எல்லாம் அதுக்கு மேல ஊத்தற தண்ணிதான்."

ஆனால் இரண்டு மணி நேரம் முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து பாருங்கள். வெளியே மழை, உள்ளே ஒரே பல்பு, எதிரே சுவர். முதுகில் அடுத்தவரின் சூடு தெரிகிறது. இருமினால் கேட்கிறது. ஒன்பதாம் நாள் ருக்குமணி இரண்டு தும்மல் போட்டாள். மூன்றாவது தும்மலுக்குச் சாமியாத்தாள் திரும்பிப் பார்க்காமலே, "தலையைத் துவட்டாம வந்தா தும்மல் வராம என்ன வரும்" என்றாள். சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் முள் கீழே கிடந்தது. அடுத்து ஒரு வாத்தியார் ஜோடி போயிற்று, அதற்கடுத்து மாமன் மச்சான் ஜோடி இரண்டு. ஊர் பதறியது. "உனக்கு ஊர் மேல அக்கறை இருந்தா வாயைப் பொத்திக்கிட்டு உக்காரு" என்று வீட்டுக்கு வீடு புத்தி சொன்னார்கள். பேசிவிட்டவர்கள் தெருவில் ஒளிந்து ஒளிந்து பேசினார்கள்.

செங்கோடனும் மாரண்ணனும்தான் கடைசி வரை நின்றவர்கள். பங்காளிகள். வரப்பில் நின்ற ஒரு புளியமரத்தின் கிளை யார் பக்கம் என்பதில் இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சில்லை. உதிர்ந்த புளியை இருவரும் எடுக்கவில்லை, அடுத்தவரை எடுக்க விடவும் இல்லை. முட்டைக்கு இருபதாம் நாள் காலை மாரண்ணன் பொரியுருண்டை தின்றுகொண்டே முறைக்கு வந்து உட்கார்ந்தார், புரை ஏறியது, கண் பிதுங்கியது. செங்கோடன் எழுந்து அவர் உச்சந்தலையில் மூன்று தட்டுத் தட்டி, "மெதுவாத் தின்னா என்னடா, யாரு புடுங்கிக்கப் போறா" என்றார். மாரண்ணன் மூச்சு வந்ததும், "ஏன் நீதான் புடுங்குவே, புளியை விட்டுட்டியா" என்றார். அதற்குச் செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு ஊரின் சரக்குத் தீர்ந்தது.

மீதி இருந்தது பஸ்ஸுக்குள் இருந்த ஜோடி மட்டும். முட்டைகளுக்கு இன்னும் ஒரு நாள்.

வஞ்சியம்மாள் வந்து படியில் நின்றாள். அழவில்லை. "உள்ள கத்த ஆரம்பிச்சிருச்சுங்கண்ணா. ஓட்டுக்குள்ள இருந்தே கீச்சு கீச்சுங்குது. ஒரே ஒரு நாளுங்க" என்றாள். ராசியப்பன் மீட்டரைப் பார்த்தார். முள் பன்னிரண்டரையிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் யாரும் இல்லாமல், பஸ்ஸுக்குள் பாவாத்தாள் இருக்கும்போதே இறங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு விளங்கியது. நேற்று அவர் முட்டைப் பெட்டியின் ஒயரைச் சரி செய்யப் போய் முழுக்க நனைந்து வந்தபோது, பாவாத்தாள் பெட்டியிடம், "அம்மா, அந்தாளு நனைஞ்சு வந்திருக்குது, துண்டு அங்க கெடக்குது" என்று சொன்னாள். ராத்திரிக் கொள்ளு ரசம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. காலையில் காப்பி டம்ளரைப் பெட்டியின் மேல் வைக்காமல் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். ஊரெல்லாம் பேசத் தொடங்கியதைப் பார்த்துப் பார்த்து அவள் கோபமும் இளகிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் பேசிவிடுவாள். ஏழு மாதம், நாலாயிரம் கிலோமீட்டர், அவர் கேட்டுக் கேட்டுக் காத்திருந்த அந்த ஒரு வார்த்தை. அது வருகிற நேரத்தில் அறுநூறு முட்டைகளும் குளிர்ந்துவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் கதை சொல்பவரைத் திட்ட வேண்டாம், ராசியப்பனே யாரிடமும் சொல்லவில்லை. பித்தளை வியாபாரியிடம் அண்டாவைப் போட்ட அன்று, போடுவதற்கு முன் அவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், கழுத்துக்குக் கீழே பெயர் வெட்டியிருந்த இடத்தை மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் பட்டையாக அறுத்து எடுத்தார். தட்டி நிமிர்த்தி, நாலு துளை போட்டு, நாலு பேட்டரிகளின் மைனஸ் முனைகளையும் அந்த ஒரே பட்டையால் கோத்தார். பஸ்ஸில் எரிந்த ஒவ்வொரு விளக்கும் தெய்வாத்தாளின் பெயர் வழியாகத்தான் எரிந்தது. எழுத்தில் ஆசிட் தெறித்துவிடக் கூடாதென்று பெயரை அடிப்பக்கமாகத் திருப்பி வைத்தார். அவள் ஊரிலிருந்து வந்ததும் காட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். வந்தவள் வாயை மூடிக்கொண்டாள், அவருக்கு ரோஷம் வந்துவிட்டது, முதலில் அவள் ஒரு வார்த்தை பேசட்டும் என்று இருந்துவிட்டார். அவள் தினமும் குனிந்து அம்மா என்று கூப்பிட்டபோதெல்லாம், எவ்வளவு சரியான இடத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துமிருக்கிறார். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. இப்போதே மூடியைத் திறந்து பட்டையைத் திருப்பிக் காட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். எல்லாமே.

பாவாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். குனிந்தாள். குரல் ஏழு மாதத்தில் இல்லாத அளவுக்கு மெதுவாக இருந்தது.

"அம்மா. அந்த மனுசன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. அண்டாவைத் தூக்கிக் குடுக்கறப்ப, உம்பட பேரையாச்சும் ஒருக்காப் பாத்துச்சா?"

முள் பன்னிரண்டேகாலில் நின்றது. இதற்கு அவர் ஆமாம் என்று ஒரு தலையசைப்புக் கொடுத்தால் போதும். ராசியப்பன் ஜன்னல் வழியாக, மழையில் நின்றுகொண்டிருந்த வஞ்சியம்மாளைப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

"பேருங்களா? என்ன பேருங்க அத்தை?" என்றார். கட்டில் காலை இறுகப் பிடித்துக்கொண்டார். "நெளிஞ்சுபோன பழைய அண்டா. தூக்கிப் போட்டதும் வியாபாரி மிதிச்சு நசுக்கி மூட்டையில போட்டுட்டான். அதுல பேரு இருந்தா என்னங்க, ஊரு இருந்தா என்னங்க."

பாவாத்தாள் நிமிரவே இல்லை. பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். முள் ஒரே தாவலில் பதினாலரைக்குப் போயிற்று. பெட்டிக்குள் ஆசிட் கொதிக்கிற சத்தம் உலை கொதிப்பதுபோலக் கேட்டது. சொசைட்டிக் கொட்டகையில் பல்பு வெள்ளையாக எரிந்தது, பெரியதம்பி வீட்டு மிக்ஸி யாரும் போடாமலே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, ஊர் ஜனங்கள் கைதட்டினார்கள். முட்டைப் பெட்டிக்குள் சூடு இம்மி பிசகாமல் நின்றது. ராசியப்பன் தன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல சார்ஜைப் பார்த்ததில்லை. அந்த இரவு முழுவதும் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் குஞ்சுகள் வந்துவிட்டன. ஐந்நூற்று முப்பது தேறியது என்றாள் வஞ்சியம்மாள். கூடை கூடையாகக் கரிச்சட்டியைச் சுற்றி வைத்துவிட்டு, ஈரம் காய்ந்த ஒன்றை உள்ளங்கையில் மூடி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தாள். "அக்கா, இது உங்குளுக்கு" என்று பாவாத்தாளின் மடியில் விட்டாள். "நீங்க ரெண்டு பேரும் நேத்து மட்டும் பேசியிருந்தீங்கன்னா இதுகளுக்கு உசுரு இல்லீங்க. அண்ணன் உங்குளைக் கோவப்படுத்தோணும்னே பேசுனாருங்க, நான் சன்னலுக்கு வெளிய நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். பேசி முடிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு."

குஞ்சு அவள் மடியில் தடுமாறி நடந்தது.

ராசியப்பன் டிரைவர் சீட்டிலிருந்து எழுந்து வந்தார். டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்தார். கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு, பேட்டரிப் பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்தார். நாலு நட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாலாவது நட்டு கழன்றதும் பஸ்ஸில் மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, சொசைட்டிக் கொட்டகையில் பல்பு அணைந்தது, ஊர் முழுவதும் சீரியல் பாதியில் நின்று ஒரு பெரிய முனகல் கிளம்பியது. அவர் பட்டையை எடுத்துப் பனியனில் துடைத்து, திருப்பி, பாவாத்தாளிடம் நீட்டினார். அத்தை என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை, நேராகத்தான் நீட்ட வேண்டியிருந்தது.

பாவாத்தாள் வாங்கினாள். மழை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக இருந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் தடவிக்கொண்டே போனாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள். பட்டையைப் பார்த்தாள், குஞ்சைப் பார்த்தாள், நாலு பேட்டரிகளையும் பார்த்தாள். கடைசியாக, ஏழு மாதத்துக்குப் பிறகு, புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

ராசியப்பன் அவள் அழுவாள் என்று நினைத்தார், இல்லாவிட்டால் அந்தப் பட்டையாலேயே தலையில் ஒன்று போடுவாள் என்று நினைத்தார். இரண்டுக்கும் தயாராக நின்றார்.

"ஏனுங்க" என்றாள் பாவாத்தாள். "பச்சை பச்சையாப் புடிச்சுக் கெடக்குதே. வாரா வாரம் சோடா உப்புப் போட்டுக் கழுவுனீங்களே, பித்தளைக்குப் புளி போடோணும்னு உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

ராசியப்பன் தெரியாது என்று தலையை ஆட்டினார். பிறகு தெரியும் என்று ஆட்டினார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி, மழைமூட்டத்தில் இருட்டிக் கிடந்த ஊருக்குள், எல்லோரும் எல்லோரோடும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த தெரு வழியாக, புளி கேட்டுச் செங்கோடன் வீட்டுக்கா மாரண்ணன் வீட்டுக்கா என்று தெரியாமல் மழையில் ஓடினார்.